அமெரிக்கக் கல்லூரி வாலிபால் அணியில் மகளைச் சேர்க்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

என் மகள் இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக அணியில் லிபரோவாக, அதாவது பின்வரிசையில் நின்று தடுத்தாடுபவளாக, ஆடுகிறாள். அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவள் 11 ஆம் வகுப்பில் இருந்தபோது ஒரு பயிற்சியாளர் போனில் "முழு ஸ்காலர்ஷிப்" என்றார். நாங்களும் நம்பி, பேசிக்கொண்டிருந்த மற்ற கல்லூரிகளுக்கெல்லாம் நன்றி சொல்லி அனுப்பிவிட்டோம். டிசம்பரில் சீசன் முடிந்த கையோடு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு என் மகள் யாரென்றே தெரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம்.

இரண்டாவது முறை தேடியபோதுதான் ஒன்று புரிந்தது. அணியை யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, அங்கே ஆடும் பெண்கள் படிப்பை முடிக்கிறார்களா என்ற மூன்று கேள்விக்கும் பெரும்பாலான பதில் பொதுவெளியிலேயே கிடக்கிறது. யாரையும் கெஞ்ச வேண்டாம், காசும் கொடுக்க வேண்டாம். எங்கே பார்ப்பது, எதைக் கேட்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் டிவிஷன், ஏனென்றால் பணம் அங்கேதான் பிரிகிறது

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பில் மூன்று டிவிஷன்கள். டிவிஷன் 3 இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்பதே கிடையாது, மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் கிடைக்கும் உதவி மட்டும்தான். டிவிஷன் 2 இல் ஒரு பெண்கள் அணிக்கு மொத்தம் 8 முழு ஸ்காலர்ஷிப் அளவுக்குத்தான் பணம், அதைப் பயிற்சியாளர் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார். ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகள் டிவிஷன் 1 இல் இருந்தாலும் விளையாட்டுக்காகப் பணம் தருவதில்லை. இவை போக என்ஏஐஏ என்ற தனி அமைப்பும், இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கான என்ஜேசிஏஏவும் இருக்கின்றன. அங்கேயும் ஸ்காலர்ஷிப் உண்டு, எனவே ஒதுக்கிவிடாதீர்கள்.

டிவிஷன் 1 பற்றி நம் ஆட்கள் இன்னும் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முன்பு அங்கே ஓர் அணிக்கு 12 பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப் தரலாம், ஒருத்திக்கு நூறு டாலர் கொடுத்தாலும் அது ஓர் இடமாகக் கணக்காகும், அதனால் கொடுத்தால் முழுசாகவே கொடுப்பார்கள். 2025 ஜூன் 6 அன்று, கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்த பிறகு நிலைமை வேறு. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையில் வரம்பு இல்லை. அதற்குப் பதில் அணியில் 18 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த 18 பேருக்கும் முழுசாகத் தரலாம், பாதி பாதியாகவும் தரலாம், சிலருக்கு ஒன்றும் தராமலும் இருக்கலாம். ஆக "டிவிஷன் 1 வாலிபால் என்றால் முழுப் பணம்" என்று யாராவது சொன்னால் நம்பி உட்காராதீர்கள். பயிற்சியாளரிடம் முதல் கேள்வியாகவே கேளுங்கள்: உங்கள் கல்லூரி சமரசத்தில் சேர்ந்திருக்கிறதா, அணியில் எத்தனை பேருக்கு முழு உதவி போகிறது?

2. பாடக் கணக்கை 9 ஆம் வகுப்பிலேயே தொடங்குங்கள்

டிவிஷன் 1, 2 இரண்டுக்கும் என்சிஏஏ எலிஜிபிலிட்டி சென்டரின் சான்று வேண்டும். 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். டிவிஷன் 1 க்கு அதன் பிரிப்பு (டிவிஷன் 2 க்கு இது சற்று மாறும்): ஆங்கிலம் 4, கணிதம் 3, அறிவியல் 2, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, சமூக அறிவியல் 2, மொழி உள்ளிட்ட பிற 4. அந்தப் பாடங்களில் மட்டும் சராசரி, 4 க்கு, டிவிஷன் 1 க்கு 2.3, டிவிஷன் 2 க்கு 2.2. எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை என்சிஏஏ 2023 இலிருந்து கேட்பதில்லை, ஆனால் அந்தக் கல்லூரியின் அட்மிஷன் அலுவலகம் கேட்கலாம். இரண்டும் வேறு வேறு கதவுகள்.

இதில் எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. டிவிஷன் 1 க்கு, 12 ஆம் வகுப்பு தொடங்கும் முன்பே 16 இல் 10 பாடங்கள் முடிந்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலில் இருக்க வேண்டும். அந்த ஏழின் மதிப்பெண் அதோடு பூட்டப்படும், கடைசி வருடத்தில் திரும்ப எழுதி ஏற்றிக்கொள்ள முடியாது. இன்னொன்று, பள்ளியில் நடத்தும் எல்லாப் பாடமும் செல்லாது. ஒவ்வொரு பள்ளிக்கும் அங்கீகரிக்கப்பட்ட பாடப் பட்டியல் என்சிஏஏ தளத்தில் இருக்கிறது. என் மகள் ஆன்லைனில் எடுத்த ஒரு கணிதப் பாடம் அதில் இல்லை. மார்க் நன்றாகத்தான் வாங்கியிருந்தாள், பிரயோஜனமில்லை, கோடை விடுமுறை முழுக்க அதையே வேறு பெயரில் மறுபடி படித்தாள். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தப் பட்டியலை ஐந்து நிமிடம் பார்த்திருந்தால் அந்தக் கோடை அவளுக்கு மிஞ்சியிருக்கும்.

பதிவுக் கட்டணம் அமெரிக்க மாணவர்களுக்கு 100 டாலருக்குச் சற்று மேல், வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னும் கூடுதல். வருமானம் குறைவென்றால் பள்ளி வழியாகத் தள்ளுபடி கேட்கலாம். 11 ஆம் வகுப்பு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலைப் பள்ளியிலிருந்து நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் ஸ்கேன் செய்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள்.

3. இரண்டு தேதிகளைக் காலண்டரில் வட்டமிடுங்கள்

10 ஆம் வகுப்பு முடிந்த பின் வரும் ஜூன் 15. அதற்கு முன் டிவிஷன் 1 பயிற்சியாளர் உங்கள் மகளின் மெயிலுக்குப் பதில் போடவே கூடாது, விதி அப்படி. பதில் இல்லை என்று அவள் சோர்ந்துபோக வேண்டியதில்லை, மெயில் அனுப்பிக்கொண்டே இருக்கலாம், அவர்கள் படிப்பார்கள். அடுத்தது 11 ஆம் வகுப்பு தொடங்கும் முன் வரும் ஆகஸ்ட் 1. அன்றிலிருந்து கல்லூரி தன் செலவில் அழைத்துப் போய்க் காட்டலாம். அதற்குப் பெயர் அஃபிஷியல் விசிட். டிவிஷன் 3 இல் பேசுவதற்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

மெயிலை நீங்கள் எழுதாதீர்கள், அவள் எழுதட்டும். உயரம், ஆடும் இடம், ஜெர்சி எண், சராசரி மதிப்பெண், அடுத்த டோர்னமென்ட் எந்தக் கோர்ட்டில் எத்தனை மணிக்கு, மூன்று நிமிடத்துக்குள் ஒரு வீடியோ. போதும். வீடியோவில் பாட்டெல்லாம் சேர்க்க வேண்டாம். தொடக்கத்திலேயே நல்ல ஆட்டங்கள் வரட்டும், லிபரோ என்றால் சர்வ் ரிசீவ் முதலில்.

"எங்கள் கேம்ப்புக்கு வா" என்று வரும் அழைப்பை அழைப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேம்ப் கட்டணம் பல அணிகளில் உதவிப் பயிற்சியாளர்களுக்கு ஒரு வருமானம், நூற்றுக்கணக்கானோருக்கு ஒரே கடிதம் போகும். மகளின் பெயரும் அவள் ஆடிய ஒரு குறிப்பிட்ட ஆட்டமும் கடிதத்தில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

4. பயிற்சியாளர் குழுவை அலசுங்கள்

தலைமைப் பயிற்சியாளரை மட்டும் பார்த்து நாங்கள் ஏமாந்தோம். இப்போது கேட்டால் முழுக் குழுவையும் எழுதிவைக்கச் சொல்வேன்: தலைமைப் பயிற்சியாளர், உதவிப் பயிற்சியாளர்கள், ஆபரேஷன்ஸ் டைரக்டர், ஆட்டத்தைப் பதிந்து புள்ளிவிவரம் எடுப்பவர், உடற்பயிற்சிக்கான ஸ்ட்ரென்த் கோச், காயம் பார்க்கும் அத்லெட்டிக் ட்ரெய்னர், படிப்பு ஆலோசகர். இதில் கடைசி மூவர் அணிக்கென்றே இருக்கிறார்களா, நான்கைந்து விளையாட்டுக்குப் பொதுவா என்று கேளுங்கள். உங்கள் மகள் அதிகம் பேசப்போவது அவர்களிடம்தான். முழங்கால் வலித்தால் தலைமைப் பயிற்சியாளரா ஐஸ் வைக்கப் போகிறார்?

முன்பெல்லாம் சம்பளமில்லாத தன்னார்வப் பயிற்சியாளர் ஒருவர் இருப்பார். 2023 ஜூலையில் டிவிஷன் 1 அந்தப் பதவியை எடுத்துவிட்டது, அவர்களையும் சம்பளத்துக்கு வைக்கலாம் என்று ஆனது. பணமுள்ள கல்லூரி அந்த இடத்தை நிரப்பியது, இல்லாதது காலியாகவே விட்டது. எத்தனை பேர், யார் முழுநேரம் என்று கேட்டாலே அந்த அணிக்குக் கல்லூரி எவ்வளவு முக்கியத்துவம் தருகிறது என்று தெரிந்துவிடும்.

ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பயிற்சியாளரின் சம்பளமும் ஒப்பந்தமும் பொது ஆவணம், பல மாநிலங்கள் ஊழியர் சம்பளத்தை இணையத்திலேயே போட்டிருக்கின்றன. மகள் சேரும் வருடத்துக்குள் ஒப்பந்தம் முடிகிறதென்றால் "நீட்டிப்பு பற்றிப் பேச்சு நடக்கிறதா?" என்று மரியாதையாகக் கேட்கலாம், தப்பில்லை. நாங்கள் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு வேலை, இதற்கு ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். அணியின் தளத்தில் கடந்த நான்கு வருட வீராங்கனைப் பட்டியலும் இருக்கும். நாங்கள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, முதலாண்டில் சேர்ந்த பெண்களின் பெயரை ஒரு பக்கம் எழுதி, அடுத்தடுத்த வருடங்களில் இருந்தால் டிக், இல்லாவிட்டால் கோடு என்று போட்டுக்கொண்டே போனோம். ஓர் அணியில் ஐந்து பேர் சேர்ந்து நான்காம் வருடத்தில் ஒருத்திதான் மிச்சம். இன்னோர் அணியில் நான்கில் மூவர். என் மகள் ஒன்றும் பேசவில்லை, முதல் அணியின் பெயரை மெல்ல அடித்துவிட்டாள். 2024 ஏப்ரலுக்குப் பிறகு, படிப்பில் தகுதியோடிருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே ஆடலாம் என்றாகிவிட்டதால் கொஞ்சம் பேர் போவது சகஜம். பாதிக்கு மேல் போனால் காரணம் கேளுங்கள்.

அதே பட்டியலில் உங்கள் மகளின் இடத்தில் எத்தனை பேர், எந்த ஆண்டில் என்றும் எண்ணுங்கள். மூன்று லிபரோ ஏற்கெனவே இருந்து மூவரும் இரண்டாமாண்டு என்றால் கணக்கு உங்களுக்கே புரியும்.

5. அணியின் வரவு செலவைத் திறந்து பாருங்கள்

அமெரிக்கக் கல்வித் துறை ஈக்விட்டி இன் அத்லெட்டிக்ஸ் என்ற பெயரில் ஒரு தளம் வைத்திருக்கிறது. கூட்டாட்சி அரசின் மாணவர் உதவிப் பணம் வாங்கும், பெண்களும் ஆண்களும் சேர்ந்து படிக்கும், போட்டி அணிகள் வைத்திருக்கும் கல்லூரிகள் ஆண்டுதோறும் தங்கள் கணக்கை அதில் தர வேண்டும். கல்லூரிப் பெயரைப் போட்டால் வாலிபாலுக்கு எத்தனை பேர், ஆட்டநாள் செலவு தலைக்கு எவ்வளவு, மொத்தச் செலவு, பயிற்சியாளர்களில் முழுநேரம் எத்தனை, பகுதிநேரம் எத்தனை என்று வரும். இலவசம்.

படிக்கும்போது மூன்று விஷயம் நினைவிருக்கட்டும். வரவும் செலவும் ஒரு டாலர்கூட வித்தியாசமில்லாமல் சமமாக இருந்தால் அணி சம்பாதித்துச் செலவு செய்கிறது என்று பொருளல்ல, பல்கலைக்கழகம் போட்ட பணத்தையும் வரவாகக் காட்டியிருக்கிறார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் மாதிரி 2023 ஆகஸ்ட் 30 அன்று ஒரே ஆட்டத்துக்கு 92,003 பேரைக் கூட்டிய இடம் அபூர்வம், பெரும்பாலான பெண்கள் அணிகள் கல்லூரியின் தயவில்தான் ஓடுகின்றன. இரண்டாவது, அதில் வரும் பயிற்சியாளர் சம்பளம் எல்லாப் பெண்கள் அணிகளின் சராசரி, வாலிபாலுக்கு மட்டும் அல்ல. மூன்றாவது, கணக்கு ஓராண்டுக்கு மேல் பழையதாக இருக்கும், அதனால் ஒரே வருடத்தைப் பார்க்காமல் நான்கைந்து வருடத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள். செலவு ஆண்டுக்காண்டு இறங்கிக்கொண்டே போனால் அது நல்ல அறிகுறி அல்ல.

6. உங்கள் வீட்டுக் கணக்கு

"எத்தனை சதவீதம்?" என்று மட்டும் கேட்காதீர்கள், "எதில் சதவீதம்?" என்றும் கேளுங்கள். படிப்புக் கட்டணத்தில் 50 சதவீதம் வேறு, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவில் 50 சதவீதம் வேறு. ஒரே சதவீதம் சொன்ன இரண்டு கல்லூரிகளை நாங்கள் ஒப்பிட்டபோது நாங்கள் கட்ட வேண்டியதில் பல ஆயிரம் டாலர் வித்தியாசம் வந்தது. வெளிமாநிலக் கட்டணமா, மதிப்பெண்ணுக்கான ஸ்காலர்ஷிப்பையும் விளையாட்டுப் பணத்தையும் சேர்த்து வாங்கலாமா, ஒன்று வந்தால் இன்னொன்றைக் குறைப்பார்களா, எத்தனை வருடத்துக்கு, கோடை வகுப்புக்கும் உண்டா என்றும் கேளுங்கள்.

டிவிஷன் 3, ஐவி பக்கம் போகிறவர்கள் ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் இருக்கும், உதவி போக நீங்கள் கட்ட வேண்டியதைக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரில் உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள். 11 ஆம் வகுப்பு முடிந்த கோடையில் பயிற்சியாளர் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு அட்மிஷன் அலுவலகத்தில் காட்டி ஒரு முன்கருத்து வாங்குவார். அதோடு சேர்த்துப் பண உதவிக்கும் ஒரு முன்மதிப்பீடு கேளுங்கள். ஏர்லி டிசிஷன் என்றால் இடம் கிடைத்தால் போயே ஆக வேண்டும், வேறு கல்லூரியின் உதவியோடு ஒப்பிடும் வாய்ப்பு போய்விடும். பணம் எழுத்தில் வராமல் அந்தப் படிவத்தில் கையெழுத்து வேண்டாம்.

7. படிப்பு: இதில்தான் அதிக நேரம் செலவிடுங்கள்

சீசனில் விளையாட்டுக்கு அதிகபட்சம் வாரம் 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பது விதி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆட்டநாள் முழுவதும் எத்தனை மணி நேரம் போனாலும் 3 மணி நேரமாகத்தான் கணக்கு, பயணம் கணக்கில் வராது, பிசியோ வராது. பஸ்ஸில் எட்டு மணி நேரம் போய் ஆடிவிட்டுத் திரும்பினாலும் காகிதத்தில் மூன்று மணி நேரம். எனவே போன வருட ஆட்ட அட்டவணையை எடுத்து, வியாழனன்றே கிளம்ப வேண்டிய பயணங்களை எண்ணுங்கள். 2024 இல் யுசிஎல்ஏ, யுஎஸ்சி, ஒரேகான், வாஷிங்டன் பிக் டென் என்ற போட்டிக் குழுவுக்கும், ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் கிழக்குக் கரைப் பக்கமுள்ள ஏசிசி குழுவுக்கும் மாறிய பிறகு மேற்குக் கரைப் பெண்கள் நாட்டைக் குறுக்கே கடந்து ஆடிவிட்டுத் திங்கட்கிழமை காலை வகுப்பில் உட்கார வேண்டியிருக்கிறது.

அடுத்து, படிக்கும் துறை. வீராங்கனைகளின் அறிமுகப் பக்கத்தில் அவரவர் துறை இருக்கும். உங்கள் மகள் நர்சிங்கோ இன்ஜினியரிங்கோ படிக்க ஆசைப்பட்டால் அணியில் அதே துறையில் ஒருத்தியாவது இருக்கிறாளா என்று பாருங்கள். யாருமே இல்லையென்றால் மாலை நேர லேப் பயிற்சியோடு மோதுகிறது என்று பொருளாக இருக்கலாம். படிப்பு ஆலோசகரிடம் நேராகவே கேளுங்கள்: லேப் மோதினால் யார் விட்டுக்கொடுப்பது? எங்கள் மகள் கேட்டபோது ஒருவர் "முதலில் வேறு துறை எடுத்துப் பார்க்கலாமே" என்றார். இன்னொருவர் போன வருட மாணவி ஒருத்தியின் கால அட்டவணையை, பெயரை மறைத்து, எடுத்துக் காட்டினார். செவ்வாய் மதியம் லேப், அன்று மட்டும் அவளுக்குப் பயிற்சி காலையில். அந்த ஒரு தாள்தான் எங்களை முடிவெடுக்க வைத்தது.

எண்ணில் பார்க்க வேண்டுமென்றால் என்சிஏஏ தளத்தில் ஏபிஆர் என்று தேடுங்கள். ஸ்காலர்ஷிப் வாங்கும் ஒவ்வொருத்தியும் தகுதியோடு இருந்தால் ஒரு புள்ளி, கல்லூரியில் தொடர்ந்தால் ஒரு புள்ளி, அதை வைத்து 1000 க்குக் கணக்கிடுகிறார்கள். 930 க்குக் கீழே போனால் அணிக்குத் தண்டனை வரலாம். 930 ஐத் தாண்டியதற்கே பெருமைப்படும் அணியை ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

சேர்ந்த பிறகும் டிவிஷன் 1 இல் தொடர்ந்து ஆட, மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டத்தில் 40 சதவீதம், நான்காம் ஆண்டில் 60 சதவீதம் முடித்திருக்க வேண்டும். நடுவில் துறையை மாற்றினால் முன்பு படித்த பாடங்கள் புதிய பட்டத்துக்குச் செல்லாமல் போய் இந்தச் சதவீதம் இடிக்கும். மாற்றும் முன் ஆலோசகரிடம் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

பள்ளியை டிசம்பரிலேயே முடித்துவிட்டு ஜனவரியில் வந்துவிடச் சொல்லும் பயிற்சியாளர்கள் அதிகம். சம்மதிக்கும் முன் 16 பாடங்களும் அதற்குள் முடியுமா, அந்த அரையாண்டுக்குப் பணம் யார் தருகிறார்கள் என்று கேளுங்கள்.

8. நேரில் போகும்போது

பயிற்சி முழுவதையும் உட்கார்ந்து பாருங்கள். தவறு செய்த பெண்ணைப் பயிற்சியாளர் எப்படிக் கூப்பிட்டுப் பேசுகிறார், ஓரத்தில் காயத்தோடு நிற்கும் பெண்ணிடம் யாராவது பேசுகிறார்களா என்று கவனியுங்கள். அன்றிரவு மகளை வீராங்கனைகளோடு தனியாக விடுங்கள். நட்சத்திர ஆட்டக்காரியை விட, அதிகம் ஆடாத மூன்றாமாண்டுப் பெண்ணிடம் பேசச் சொல்லுங்கள்.

9. கையெழுத்து

இந்தக் கல்லூரியில்தான் சேர்வேன் என்று கையெழுத்துப் போடும் நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற பழைய படிவம் 2024 அக்டோபரில் ஒழிந்துவிட்டது. இப்போது கல்லூரி தரும் நிதி உதவி ஒப்பந்தம்தான் ஆவணம். அதில் தொகை, எத்தனை ஆண்டு, எந்தக் காரணத்துக்காகக் குறைக்கலாம் என்ற மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 ஆகஸ்டிலிருந்து டிவிஷன் 1 இல் ஆட்டத் திறமை குறைந்தது, காயம் பட்டது என்பதற்காக ஸ்காலர்ஷிப்பை வெட்டக் கூடாது, விளையாட்டில் பட்ட காயத்துக்குக் கல்லூரியை விட்ட பிறகும் இரண்டு ஆண்டு மருத்துவச் செலவைப் பார்க்க வேண்டும். ஆனால் அணியில் இடம் உண்டு என்பதற்கு அது உத்தரவாதமில்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். போனில் சொன்னதை அன்றே "நீங்கள் சொன்னது இப்படித்தானே?" என்று மகள் மெயிலில் எழுதிவிடட்டும். கையெழுத்தாகும் வரை மற்ற கல்லூரிகளோடு பேச்சை நிறுத்த வேண்டாம்.

10. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு, அப்புறம் வரி

9 ஆம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலும் வேண்டும், பத்தாவது, பிளஸ் டூ மட்டும் போதாது. ஆங்கிலத்தில் இல்லாதவற்றுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு தேவை. பரிசுத்தொகை, கிளப் ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். பிளஸ் டூ முடித்துவிட்டு ஓராண்டுக்கு மேல் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால் ஆடும் ஆண்டுகள் குறையக்கூடும், எனவே இடைவெளி விடும் முன் கல்லூரியில் என்சிஏஏ விதிகளைக் கவனிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் பெண் விளம்பரம், ஸ்பான்சர் பணம் எதையும் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் தொடக் கூடாது.

ஸ்காலர்ஷிப்பில் படிப்புக் கட்டணத்துக்கும் கட்டாயப் புத்தகத்துக்கும் போகும் பகுதிக்கு வரி இல்லை. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரும் பகுதி வருமானமாகக் கணக்காகும், அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் பொருந்தும். எஃப்-1 மாணவிக்கு அந்தப் பகுதியில் பொதுவாக 14 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கையில் காசாக வராத பணத்துக்கு வரி என்பதால் பலருக்குத் தெரிவதே இல்லை, செமஸ்டர் பில்லில் திடீரென்று பாக்கி காட்டும். முதல் செமஸ்டருக்கு முன்பே, கட்டணம் வசூலிக்கும் பர்சார் அலுவலகத்தில் தொகையைக் கேட்டு ஒதுக்கி வையுங்கள், ஏப்ரலில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய அந்த வருட பில்களையெல்லாம் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.